பழைய நாடாவும் உயர்தெளிவுக் காணொளியும்

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்கள் பலவற்றில் திருமணம், பள்ளி நாடகம், இலக்கிய விழா ஆகியவற்றின் வீடியோ நாடாக்கள் அலமாரிகளில் உறங்குகின்றன. அவற்றை வீட்டுக் கணினியில் ஏற்றி உயர்தெளிவுக்கு மாற்றிவிட்டால், மங்கிய படம் பளிச்சிடும் என்பது பலரது எண்ணம். அவ்வெண்ணத்தில் உண்மை எவ்வளவு என்பது ஆராயத்தக்கது.

இந்நாடுகளில் வழங்கிய தொலைக்காட்சி முறைக்குப் ‘பால்’ என்று பெயர், பசுவின் பாலன்று. அம்முறையில் ஒரு படம் 576 கோடுகளால் ஆனது. கணினி ஒவ்வொரு கோட்டையும் 720 புள்ளிகளாகப் பதிவு செய்யும். ஆக, 414,720 புள்ளிகள். அதே படத்தை 1,080 கோடுகளுக்கு உயர்த்தினால் 1,555,200 புள்ளிகள் வேண்டும். எனவே ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, நாடாவில் இல்லாத புள்ளிகள். அண்டைப் புள்ளிகளின் நிறத்தைக் கொண்டு கணினி கணக்கிட்டு நிரப்பியவை அவை. படம் பெரிதாகும், பதிவாகாத நுட்பம் பிறக்காது.

இதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. பழைய கருவி படம் முழுவதையும் ஒருசேரப் பதிவதில்லை. ஒற்றைப்படைக் கோடுகளை ஒருமுறையும், ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படைக் கோடுகளை மறுமுறையும் பதியும். அதற்குள் ஆடும் பெண்ணின் கை நகர்ந்துவிடுகிறது. இரண்டையும் கணினித்திரையில் ஒன்றாகக் காட்டினால், கையின் ஓரம் சீப்பின் பற்களைப்போல் பிளவுபடும். இக்கோடுகளைப் பிரித்துச் சீர்செய்தபின்னரே படத்தைப் பெரிதாக்க வேண்டும். முறை மாறினால் பற்களும் சேர்ந்து பெரிதாகிப் படத்தோடு கலந்துவிடும். பின்னர் நீக்குதல் அரிது. நொடிக்கு 50 முழுப்படங்களாகப் பிரித்தெடுத்தால் அசைவின் ஒழுக்கும் கெடாது. எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவசச் செயலியே இதற்குப் போதும். நான்கிற்கு மூன்று என்ற பழைய படத்தை அகலத்திரை முழுதும் இழுத்தால் மணமக்கள் பருத்துத் தோன்றுவர். இருபுறமும் கறுப்பாக விடுதலே முறை.

இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துள்ளன. பிற படங்கள் பலவற்றைக் கற்று, இவ்விடத்தில் இது இருந்திருக்கலாம் என ஊகித்து வரைவன அவை. மரத்தின் இலையை அவ்வாறு வரைந்தால் பெருங்கேடில்லை. மறைந்த பாட்டனாரின் முகத்தை வரைந்தால், திரையில் தெரிவது அவரைப் போன்ற வேறொருவர் முகமே. மேடைத் திரையிலுள்ள மங்கிய தமிழெழுத்துகளோ எம்மொழிக்கும் உரியதல்லாத கோடுகளாகத் திரியக்கூடும். 1894இல் புறநானூற்றை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர், ஏட்டில் சிதைந்த இடங்களைத் தம் புலமையால் நிரப்பிவிடவில்லை என்பதை ஆசிரியர்கள் அறிவர். விழாப் பதிவும் ஓர் ஆவணமாதலின், ஊகித்து வரைந்த படியைத் தனிப்பெயரிட்டு வைத்தலும், நாடாவிலிருந்து எடுத்த முதற்பதிவை அழியாது காத்தலும் இன்றியமையாதன.

உண்மையில் தெளிவைக் கூட்ட விரும்புவோர் முதற்கண் கருதவேண்டியது கணினியை அன்று. நாடாவை ஓட்டும் கருவியை. தூய தலைப்பகுதியுடைய நல்ல கருவியில் ஓட்டியெடுத்த பதிவு, எச்செயலியும் தராத நுட்பத்தைத் தரும். அக்கருவிகளைத் தொடர்ந்து செய்துவந்த ஜப்பானிய ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திற்று. காந்த நாடாவோ ஈரவெப்பத்தில் ஆண்டுதோறும் நலிந்து வருகிறது. பெரிதாக்கும் வேலையை எப்போது வேண்டுமாயினும் செய்யலாம். நாடாவைக் கணினியில் ஏற்றுவதே காத்திராத வேலை.