வெப்பமூட்டும் அமைப்பின் உதிரிப் பாகங்கள்

வெப்பமூட்டும் அமைப்பின் உதிரிப் பாகங்கள் என்பவை, குளிர் நாடுகளில் வீடுகளையும் கட்டடங்களையும் சூடாக வைத்திருக்கும் உலை, கொதிகலன் போன்ற சாதனங்கள் பழுதடையும்போது உடனே மாற்றுவதற்காக முன்கூட்டியே வாங்கி வைக்கப்படும் பாகங்கள் ஆகும். கடுங்குளிரில் வெப்பமூட்டல் நீண்ட நேரம் நின்றுவிட்டால் குழாய்களில் உள்ள நீர் உறையும். நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9% கூடுவதால் குழாய்கள் வெடிக்கின்றன. முதியோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். பல நேரங்களில் முழு அமைப்பையும் நிறுத்திவிடுவது விலை குறைந்த ஒரு சிறு பாகமே.

சிறு பாகம் முழு அமைப்பையும் நிறுத்தக் காரணம்

வட அமெரிக்க வீடுகளில் பரவலாக உள்ள எரிவாயு உலை, ஒரு குறிப்பிட்ட வரிசையில் இயங்குகிறது. அறை குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் 24 வோல்ட் மின்சுற்று வழியாக உலைக்குச் செய்தி அனுப்புகிறது. முதலில் புகையை வெளியேற்றும் சிறு விசிறி சுழல்கிறது. அது சரியாக இயங்குவதை அழுத்த நிலைமாற்றி உறுதி செய்த பின்னர், பற்றவைப்பி சிவக்கக் காய்கிறது. பிறகு எரிவாயு அடைப்பான் திறக்கிறது. சுடர் எரிவதைச் சுடர் உணரி சில நொடிகளில் உறுதி செய்யாவிட்டால் அடைப்பான் மூடிக்கொள்ளும். எரியாத எரிவாயு வீட்டினுள் சேராமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இதனால், வரிசையில் எந்தவொரு பாகம் பழுதானாலும் உலை நின்றுவிடுகிறது.

பாகங்கள் பழுதடைவதும் பெரும்பாலும் குளிர் மிகுந்த நாட்களிலேயே நிகழ்கிறது. அப்போதுதான் உலை இடைவிடாமல் இயங்குகிறது. பற்றவைப்பி மீண்டும் மீண்டும் சூடாகிக் குளிர்கிறது. அதே நாட்களில் பழுதுபார்ப்போருக்கும் அழைப்புகள் குவிகின்றன. கையில் பாகம் இருந்தால், பழுதுபார்ப்பவர் அதை வாங்கிவரச் செல்லும் நேரமாவது மிச்சமாகும்.

வைத்திருக்கத் தக்க பாகங்கள்

காற்று வடிகட்டி: மிக மலிவானது, அடிக்கடி மாற்ற வேண்டியது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் காற்றோட்டம் குறைந்து உலை அளவுக்கு மீறிச் சூடாகும்; பாதுகாப்பு நிலைமாற்றி உலையை நிறுத்திவிடும்.

பற்றவைப்பி: சிலிக்கான் கார்பைடால் ஆன பழைய வகை எளிதில் உடையக்கூடியது. அதன் மேற்பரப்பை விரலால் தொட்டால், படியும் எண்ணெய்ப் பசையால் ஆயுள் குறையும். சிலிக்கான் நைட்ரைடு வகை கூடுதல் உறுதியானது.

சுடர் உணரி: மெல்லிய உலோகக் கம்பி. இதன் மீது படியும் படலத்தை மென்மையாகத் தேய்த்து நீக்கினாலே பெரும்பாலும் மீண்டும் வேலை செய்யும்.

தெர்மோகப்பிள்: எப்போதும் எரியும் சிறு சுடர் கொண்ட பழைய சாதனங்களில் இருப்பது. சுடரின் வெப்பத்தில் ஏறத்தாழ 30 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை உண்டாக்கி, எரிவாயு அடைப்பானைத் திறந்த நிலையில் வைத்திருக்கிறது. இது பழுதானால் சிறு சுடர் நிலைக்காது.

உருகியும் மின்கலங்களும்: பல உலைகளின் கட்டுப்பாட்டுப் பலகையில் மகிழுந்துகளில் உள்ளது போன்ற 3 அல்லது 5 ஆம்பியர் உருகி இருக்கும். தெர்மோஸ்டாட்டின் மின்கலம் தீர்ந்துபோவதும் உலை இயங்காமைக்கு ஒரு காரணமாகும்.

மின்தேக்கி: சில வகை விசிறி மோட்டார்களுக்குத் தேவை. அதன் மைக்ரோஃபாரட் அளவு பழையதுடன் பொருந்த வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் இதில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம் என்பதால், பழக்கமில்லாதவர் கையாளலாகாது.

எண்ணெயால் எரியும் உலைகளுக்குத் தெளிப்பு முனையும் எண்ணெய் வடிகட்டியும் தேவை. ஒரு மணி நேரத்தில் தெளிக்கும் எண்ணெயின் அளவு, தெளிப்புக் கோணம், தெளிப்பு வடிவம் ஆகிய மூன்றும் முனையின் மீது குறிக்கப்பட்டிருக்கும். மூன்றும் உலைக்குப் பொருந்தாவிட்டால் எரிதல் கெட்டுக் கரி படியும்.

தேர்வும் பாதுகாப்பும்

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரு பாகங்கள் அளவிலோ மின்னழுத்தத்திலோ வேறுபடலாம். எனவே உலையின் கதவுக்கு உட்புறம் ஒட்டப்பட்டுள்ள தகட்டில் உள்ள மாதிரி எண்ணையும், பழைய பாகத்தில் உள்ள பாக எண்ணையும் குறித்துக்கொண்டே வாங்க வேண்டும். பாகங்களை அவற்றின் உறையிலேயே ஈரம் படாத இடத்தில் வைப்பது வழக்கம். ஒரு பாகத்தைப் பயன்படுத்தியதும் அதற்கு ஈடாக இன்னொன்றை வாங்கி வைக்காவிட்டால், அடுத்த பழுதின்போது பெட்டி வெறுமையாக இருக்கும். இன்னும் வேலை செய்யும் நிலையில் கழற்றிய பழைய பாகத்தையும் அவசரத்துக்கென வைத்துக்கொள்ளலாம்.

வரம்புகள்

எரிவாயு அடைப்பான், வெப்பமாற்றி ஆகியவற்றை வீட்டார் தாமே மாற்றக் கூடாது. வெப்பமாற்றியில் விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக் காற்றில் கலக்கலாம். நிறமும் மணமும் அற்ற இவ்வளி உயிரைப் பறிக்கக்கூடியது. பிரித்தானியாவில் எரிவாயுப் பணிகளை ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் உள்ளவர்களே செய்யலாம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் இதற்குச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும்.

உலை நின்றுபோகும்போது பாதுகாப்பு நிலைமாற்றியைக் கம்பியால் இணைத்துத் தவிர்ப்பதும், கரி அடுப்பை வீட்டினுள் எரிப்பதும் பெரும் ஆபத்தை உண்டாக்கும். ஆகவே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியையும் அதற்கான மின்கலத்தையும் உதிரிப் பாகங்களுடன் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தொலைவிடங்களில்

கடைக்கோ பழுதுபார்ப்பவருக்கோ வழியில்லாத இடங்களில் உதிரிப் பாகங்களின் இருப்பே உயிர்காப்பாகிறது. அண்டார்க்டிக்காவின் உட்பகுதியில் உள்ள வஸ்தோக் ஆய்வு நிலையம் இதற்கு எடுத்துக்காட்டு. 1983 சூலை 21 அன்று −89.2 °செ. வெப்பநிலை பதிவான இடம் அது. அதற்கு முந்தைய ஆண்டு, 1982 ஏப்ரல் 12 அன்று, அங்கிருந்த மின்னாக்கிக் கூடம் தீப்பற்றி எரிந்தது. ஒருவர் உயிரிழந்தார், எஞ்சிய 20 பேருக்கு மின்சாரமும் வெப்பமும் ஒருசேர இல்லாமற்போயின. துருவக் குளிர்காலம் நெருங்கிவிட்டதால் வெளியிலிருந்து உதவி வர இயலவில்லை. பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டிருந்த பழைய மின்னாக்கியைச் சீர்செய்து இயக்கியும், டீசலில் எரியும் அடுப்புகளைத் தாமே செய்தும் அவர்கள் குளிர்காலம் முழுவதையும் கடந்தனர்.