பழைய மோட்டார் லாரிகளில் 6 வோல்ட் மின்னமைப்பை 12 வோல்ட்டாக மாற்றுதல்

காவிரிப் பாசனப் பகுதியில், முன்னோர் வாங்கிய மோட்டார் லாரியையோ ஜீப்பையோ கொட்டகையில் வைத்துக் காப்பாற்றி வரும் மிராசுதார்கள் இன்னும் சிலர் உளர். 1939-45 யுத்தத்திற்குப் பின் ராணுவத்தார் கழித்து விற்றவையும், 1947 முதல் பம்பாயில் பாகங்களை இணைத்து வெளியிடப்பட்டவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் அமெரிக்க, கனடா மாதிரிகள் பெரும்பாலும் 6 வோல்ட் பாட்டரியைக் கொண்டவை. விளக்கு மங்குகிறது, மார்கழிக் காலையில் என்ஜின் சுற்ற மறுக்கிறது என்ற குறை எழுந்தவுடன், 12 வோல்ட்டாக மாற்றிவிடலாம் என்று பட்டறையில் யோசனை கூறுவது வழக்கம். அந்த யோசனை எப்பொழுது தக்கது, எப்பொழுது வீண்செலவு என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

வோல்ட் என்பது வாய்க்காலில் தலைமட்டத்திற்கும் கடைமட்டத்திற்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் போன்றது. ஆம்பியர் என்பது பாயும் நீரின் அளவு. இரண்டையும் பெருக்கினால் வருவது வேலை செய்யும் சக்தியாகிய வாட். முன்விளக்கு இரண்டிற்கும் சேர்த்து 72 வாட் வேண்டுமெனில், 6 வோல்ட்டில் 12 ஆம்பியரும், 12 வோல்ட்டில் 6 ஆம்பியரும் பாய வேண்டும். கம்பியிலும் இணைப்புகளிலும் 0.05 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். முதல் அமைப்பில் 0.6 வோல்ட், அதாவது பத்தில் ஒரு பங்கு, வழியிலேயே போய்விடும். இரண்டாவதில் போவது 0.3 வோல்ட்; நாற்பதில் ஒரு பங்குதான். கம்பியில் வீணாகும் சக்தியும் நாலில் ஒன்றாகக் குறையும். கிராமத்து டிரான்ஸ்பார்மர் வரையில் மின்சாரத்தை 11,000 வோல்ட்டில் கொண்டுவந்து, அங்கே 415 ஆகக் குறைப்பதற்கும் காரணம் இதுவே. அமெரிக்காவில் ஷெவர்லே லாரிகள் 1955-லும், ஃபோர்டு லாரிகள் 1956-லும் 12 வோல்ட்டுக்கு மாறின. அழுத்தம் மிகுந்த பெரிய என்ஜின்களைச் சுழற்ற 6 வோல்ட் போதாமற்போயிற்று.

ஆயினும் அவ்வண்டிகள் புதிதாயிருந்தபொழுது 6 வோல்ட்டிலேயே நன்கு ஓடின என்பதை மறக்கலாகாது. நமது பகுதியில் குறைக்கு மூலகாரணம் பெரும்பாலும் துருவே. ஐப்பசி கார்த்திகை மழையும், வேதாரணியம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புக்காற்றும் பாட்டரியின் எர்த் கம்பி சட்டத்தில் சேருமிடத்தைத் தின்றுவிடுகின்றன. அவ்விடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, தடித்த கம்பி பூட்டி, கிரீஸ் தடவிப் பார்க்கவேண்டும். ஸ்டார்ட்டருக்குச் செல்லும் கம்பி 6 வோல்ட்டுக்குரிய பருமனில் இருக்கிறதா என்பதும் கவனிக்கத்தக்கது. 12 வோல்ட் வண்டிக்கான மெல்லிய கம்பியைப் பூட்டிவிட்டு வண்டியைக் குறை சொல்வோர் பலர். அரைநாள் வேலையில் தீர்ந்துபோகும் குறைக்கு அமைப்பையே மாற்றுவானேன்?

இதன் பின்னரும் குறை நீங்காவிடில், அல்லது 6 வோல்ட் பாட்டரியும் பல்புகளும் கிடைப்பது அரிதானால், மாற்றுவது நியாயமே. அப்பொழுது பாட்டரியை மட்டும் மாற்றிப் பயனில்லை. பல்புகள் அனைத்தையும் மாற்றவேண்டும். பழையவை நொடியில் எரிந்துபோகும். இக்னிஷன் காயில் 12 வோல்ட்டுக்குரியதாக இருக்கவேண்டும். பழைய காயிலையே வைப்பதானால் அதற்கு முன் தக்க தடைச்சுருள் சேர்க்கவேண்டும், இல்லையேல் பிளாட்டினம் பாயிண்ட் கருகும். ஹாரன், கட்-அவுட், ஸ்டார்ட்டர் ஸொலினாய்டு ஆகியவையும் மாற வேண்டும். மின்சாரத்தால் இயங்கும் பெட்ரோல் மானிக்கு வோல்ட் குறைக்கும் கருவி தேவை. ஆம்பியர் மானிக்கு வேண்டியதில்லை. என்ஜினின் உறிஞ்சலால் ஓடும் பழைய வைப்பருக்கு இதில் சம்பந்தமே கிடையாது. ஸ்டார்ட்டர் மோட்டாரை அப்படியே விடலாம். அது முன்னைவிட வேகமாகச் சுழலுமாதலால், ஒருமுறைக்குச் சில விநாடிகளுக்கு மேல் அழுத்தலாகாது.

இரண்டு 6 வோல்ட் பாட்டரிகளைத் தொடராக இணைத்து, பழைய ஹாரனுக்காக ஒன்றிலிருந்து மட்டும் கம்பி எடுப்பது கெட்ட பழக்கம். ஒன்று வற்றி, மற்றது அளவுமீறி ஏற்றம் பெற்று, இரண்டும் கெடும்.

மிகுந்த நஷ்டம் நேர்வது துருவ விஷயத்தில். அக்கால ஃபோர்டு லாரிகளில் பாட்டரியின் பிளஸ் முனை சட்டத்துடன் சேர்ந்திருக்கும். ஷெவர்லேயில் மைனஸ் முனை. பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் பூட்டுவதாயின் மைனஸ்தான் சட்டத்தில் சேரவேண்டும். தலைகீழாக இணைத்தால் அதனுள்ளிருக்கும் டயோடுகள் அக்கணமே பாழாகும். பிளஸ் எர்த் வண்டியைத் திருப்பும்பொழுது ஆம்பியர் மானியின் இரு கம்பிகளையும், காயிலின் இரு கம்பிகளையும் இடம் மாற்றவேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் எப்படி இணைத்தாலும் ஒரே பக்கம்தான் சுழலும்.

பருத்தி நூல் சுற்றிய பழைய கம்பிகள் உலர்ந்து உதிரும் நிலையிலிருந்தால் அவற்றை முழுவதும் களைந்துவிடுவது நலம். 12 வோல்ட்டில் கம்பி உரசித் தீப்பொறி எழுந்தால் அதன் வேகமும் அதிகம். லாரிக்குப் பக்கத்திலேயே வைக்கோல் போர் வைத்திருப்போருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டார்ட்டர் கம்பி நீங்கலாக மற்றவற்றிற்கெல்லாம் பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் அமைக்கவேண்டும். வேலையைத் தொடங்குமுன் முதலில் கழற்றவேண்டியது எர்த் கம்பி. முடித்தபின் கடைசியில் பூட்டவேண்டியதும் அதுவே.

மத்திய சர்க்கார் 2021-ல் வெளியிட்ட விதிகளின்படி, முதற் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல உருவம் மாறாதிருக்கும் சொந்த உபயோக வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்துகொள்ளலாம். அவற்றை வாடகைக்கோ அன்றாடப் போக்குவரத்திற்கோ ஓட்டலாகாது. ஆகவே பதிவை நாடுவோர், மாற்றுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிப்பது உத்தமம். கழற்றிய டைனமோ, கட்-அவுட், காயில் முதலியவற்றைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாமல், எண்ணெய் தடவிப் பெயர்ச்சீட்டுக் கட்டி, ஈரம் படாத இடத்தில் வைத்திருக்கவேண்டும்.