அதிரையிலிருந்து பட்டுக்கோட்டைக்கு எத்தனை மிதி?

அதிரை என்கிற அதிராம்பட்டினத்திலிருந்து பட்டுக்கோட்டை சுமார் 12 கிலோமீட்டர். வழியில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. காவிரிச் சமவெளி கடலோடு வந்து முடிகிற இடம் இது. இந்தத் தூரத்தைச் சைக்கிளில் கடக்கப் பெடலை எத்தனை சுற்று சுற்ற வேண்டும்? டீ ஆறுவதற்குள் கணக்குப் போட்டுவிடலாம். போட்டு முடிக்கும்போது, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பட்டறைக்காரர்கள் பல பத்தாண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு கேள்வியும் நமக்குப் புரிந்துவிடும். இருக்கிற அதே காலை வைத்துக்கொண்டு சைக்கிளை இன்னும் வேகமாக ஓட்டுவது எப்படி?

முதலில் வந்த வண்டியில் பெடலே கிடையாது. 1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் ட்ரைஸ் ஓட்டிக் காட்டிய மர வண்டியில் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்தித்தான் போக வேண்டும். 1860-களில் பாரிஸில் மிஷோ குடும்பத்தின் பட்டறையிலிருந்து பெடல் வைத்த வண்டி வந்தது. அந்தப் பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே பூட்டியிருந்தது. குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு சுற்று சுற்றும். சக்கரத்தின் விட்டம் 36 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு வண்டி 2.87 மீட்டர் நகரும். பட்டுக்கோட்டை போய்ச்சேர ஏறத்தாழ 4,200 சுற்று ஆகும். நிமிடத்துக்கு 60 சுற்று என்று விடாமல் மிதித்தாலும் 70 நிமிடம் பிடிக்கும்.

வேகம் வேண்டுமானால் என்ன செய்வது? காலை இன்னும் வேகமாகச் சுழற்றலாம். அதற்கு ஓர் எல்லை உண்டு. இல்லையென்றால் சக்கரத்தைப் பெரிதாக்கலாம். அவர்கள் சக்கரத்தைப் பெரிதாக்கினார்கள். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் 1870-இல் காப்புரிமை வாங்கிய ‘ஏரியல்’ சைக்கிள் அந்த வழியில் பெரிய அடி. மரக்கட்டை ஆரங்களுக்குப் பதிலாக மெல்லிய கம்பிகளை இழுத்துக் கட்டியதால், சக்கரம் பெரிதானாலும் கனக்கவில்லை. முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு நெருங்க, பின்சக்கரம் சின்னதாகப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பழைய படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது அலங்காரத்துக்காகச் செய்த உருவம் என்றே பலர் நினைக்கிறார்கள். வேகத்துக்காகச் செய்தது அது. 54 அங்குலச் சக்கரத்தில் ஒரு சுற்றுக்கு 4.3 மீட்டர். பட்டுக்கோட்டை 2,800 சுற்றுக்குள் வந்துவிடும். 46 நிமிடம் போதும்.

ஆனால் பெடல் இன்னும் சக்கரத்தின் அச்சில்தான் இருக்கிறது. கால் எட்டினால்தானே மிதிக்க முடியும்? அதனால் கால் நீளமானவருக்குப் பெரிய சக்கரம், குட்டையானவருக்குச் சின்னச் சக்கரம் என்று ஆகிவிட்டது. எத்தனை பயிற்சி எடுத்தாலும் குட்டையானவர் வாங்க முடியாத வேகத்தை நெட்டையானவர் பிறவியிலேயே வாங்கி வந்தார். விழுந்தால் முன்பக்கமாகத் தலைகுப்புற விழ வேண்டும் என்பது தனி. இந்த வண்டியில்தான் தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884-இல் சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்டு 1886-இல் யோகோஹாமா சேர்ந்தார். 50 அங்குலச் சக்கரம், ஒரு சுற்றுக்கு 4 மீட்டர். 1886-இல் லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் நாட்டின் பெருவழிச் சாலையிலும் அது ஓடியது. அந்த உயரத்தில் உட்கார்ந்து நம் ஊர் வெயிலில் அவ்வளவு தூரம் மிதித்ததை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வர ஒரே வழி, பெடலையும் சக்கரத்தையும் பிரிப்பதுதான். பெடலை ஓர் இடத்தில் வைத்து, அதன் சுற்றைச் செயின் வழியாகச் சக்கரத்துக்கு அனுப்ப வேண்டும். 1879-இலேயே ஹென்றி லாசன் என்பவர் பின்சக்கரத்துக்குச் செயின் போட்ட ஒரு வண்டியைச் செய்துவிட்டார்; அது விலைபோகவில்லை. அந்தக் காலத்துச் செயின் சீக்கிரம் தேய்ந்து தொங்கிவிடும். 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட், ஒவ்வொரு கண்ணியிலும் சிறு உருளை சுழலும் செயினுக்குக் காப்புரிமை வாங்கினார். உங்கள் சைக்கிளில் இன்று ஓடும் செயின் அடிப்படையில் அதேதான். 1884-இல் ‘கங்காரு’ என்ற வண்டி முன்சக்கரத்துக்கு இருபக்கமும் செயின் போட்டு வந்தது. ஜார்ஜ் ஸ்மித் அதில் 100 மைலை 7 மணி 11 நிமிடத்தில் ஓட்டி முடித்தார். அடுத்த ஆண்டு, ஜேம்ஸ் ஸ்டார்லியின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளையான ஜான் கெம்ப் ஸ்டார்லி ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தார், செயின் பின்சக்கரத்துக்கு. அதே ஸ்மித் அதில் அதே தூரத்தை 7 மணி 5 நிமிடத்தில் முடித்தார். சின்னச் சக்கரம் பெரிய சக்கரத்தைத் தோற்கடிக்கும் என்பது தெரிந்துவிட்டது.

எப்படித் தோற்கடித்தது? இங்கேதான் பல் எண்ண வேண்டும். நம் ஊர்ச் சாதாரண சைக்கிள் ஒன்றில், பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். செயினின் ஒரு கண்ணி ஒரு பல்லில் உட்காரும். பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் 44 கண்ணி நகரும். அந்த 44 கண்ணியும் பின்னால் 18 பல்லைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். எனவே பின்சக்கரம் 44-ஐ 18-ஆல் வகுத்த அளவு, அதாவது கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும். சக்கரம் 28 அங்குலம். இரண்டையும் பெருக்கினால் 68 அங்குலம் வருகிறது.

இந்த 68 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனிப்போம். செயின் இல்லாமல், பெடலை நேரே அச்சில் பூட்டி இதே வேகம் பெற வேண்டுமானால் 68 அங்குல விட்டத்தில் சக்கரம் வேண்டும். ஐந்தடி எட்டு அங்குலம். அதன் அச்சில் உள்ள பெடலை எட்டி மிதிக்கும் கால் சாதாரண உயரமுள்ள யாருக்கும் கிடையாது. மீன்காரர் ஓட்டும் பழைய சைக்கிளுக்குள் அப்படி ஒரு ராட்சதச் சக்கரம் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சைக்கிள்காரர்கள் கியரின் அளவை இன்றும் பல நாடுகளில் இந்த அங்குலக் கணக்கில்தான் சொல்கிறார்கள். ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீட்டர். பட்டுக்கோட்டை 2,200 சுற்று. நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் 37 நிமிடம், மணிக்கு 20 கிலோமீட்டர்.

வேகத்துக்காக வந்த செயின் வேறொன்றையும் கொடுத்தது. பெடல் கீழே இறங்கியதால் சீட்டும் கீழே இறங்கியது. கால் தரையில் ஊன்றியது. நடுத்தண்டை வளைத்துத் தாழ்த்தினால் புடவையோடும் ஏறலாம் என்று ஆனது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்களே, அந்த உயரச் சக்கர வண்டியாக இருந்திருந்தால் அது நடந்திருக்குமா? கியரின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த விளைவு இதுதான்.

இப்போது, கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும் ஒரு தப்பெண்ணத்துக்கு வருவோம். ‘கியர் சைக்கிள் வாங்கினால் வேகமாகப் போகலாம்’ என்று பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள். ‘பின்னாடி 18 பல்லைக் கழற்றிட்டு 16 போடுங்க, வண்டி பறக்கும்’ என்று சைக்கிள் கடையில் சொல்லுவார்கள். இரண்டுக்கும் அடியில் ஒரே நினைப்பு: கியர் எங்கிருந்தோ ஒரு பலத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. கியர் ஒரு துளி பலத்தையும் தருவதில்லை.

கிணற்றிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்வோம். சின்ன வாளி என்றால் ஒவ்வோர் இழுப்பும் லேசு. ஆனால் நூறு தடவை இழுக்க வேண்டும். பெரிய வாளி என்றால் ஐம்பது தடவை போதும். ஒவ்வோர் இழுப்பும் இரண்டு மடங்கு கனம். தொட்டி ஒன்றே, கிணற்றின் ஆழமும் ஒன்றே. எந்த வாளியால் இறைத்தாலும் மொத்த உழைப்பு மாறுவதில்லை. அப்படியானால் வாளியின் அளவு ஏன் முக்கியம்? நம் உடம்புக்காக. மிகச் சின்ன வாளியால் இறைத்தால் இழுத்து இழுத்தே கை சலிக்கும். மிகப் பெரிய வாளி தோளைப் பிடுங்கிவிடும். நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அந்த வாளியால் ஒருவர் நெடுநேரம் இறைக்கலாம்.

18 பல்லுக்குப் பதில் 16 போட்டால் நடப்பதும் இதுதான். அதே வேகத்தில் போக, முன்பு சுற்றிய சுற்றில் ஒன்பதில் ஒரு பங்கு மிச்சம். அதற்கு ஈடாக ஒவ்வொரு மிதியிலும் எட்டில் ஒரு பங்கு கூடுதல் அழுத்தம். கூடுதலாக அழுத்தக் காலில் தெம்பு இருந்தால் வண்டி பறக்கும். இல்லையென்றால் பாதி வழியில் முட்டி வலிக்கும். 2022-இல் இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தபோது முன்னால் 65 பல், பின்னால் 14 பல். ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 10 மீட்டர். காற்றுப் புகாத உள்ளரங்க ஓடுதளம், உலகத்திலேயே வலுவான கால்கள். அந்தப் பல்சக்கரங்களை அப்படியே நம் சைக்கிளில் மாட்டினால் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் நாம் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

மேடே இல்லாத ஊரில் கனம் எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்து. காற்று தரும் எதிர்ப்பு, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் நமக்கு எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், 30 கிலோமீட்டர் வேகக் காற்றைக் கிழித்துப் போகிறோம் என்று பொருள்; எதிர்ப்பு நான்கு மடங்கு. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கையில் பட்டுக்கோட்டைக்குப் போகிறவர் கொஞ்சம் அனுபவிப்பார். வெயில் காலத்துப் பிற்பகலில் கடற்காற்று எழும்பினால் அதிரைக்குத் திரும்புகிறவர் நன்றாகவே அனுபவிப்பார். உப்பளத்துப் பக்கம் மறைப்பதற்கு மரமும் கிடையாது. கேரியரில் தேங்காய் மூட்டையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதே சாலை, அதே சைக்கிள். காலையில் ஒரு வாளி சரி, மாலையில் வேறு வாளி வேண்டும்.

அதற்காகத்தான் ஓடும்போதே மாற்றிக்கொள்ளும் கியர் வந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ராலே கம்பெனியின் ஆதரவோடு 1903 வாக்கில் விற்பனைக்கு வந்த ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று வேகக் கியர் முழுவதும் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அடங்கியது. நடுவில் அசையாத ஒரு பல்சக்கரம். அதைச் சுற்றி உருளும் சிறு பல்சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் ஒரு கூடு. எல்லாவற்றையும் சூழ்ந்து உள்பக்கம் பல் வெட்டிய வளையம். செயின் கூட்டைச் சுற்றினால் வளையம் அதைவிட வேகமாகச் சுற்றும். செயின் வளையத்தைச் சுற்றினால் கூடு மெதுவாகச் சுற்றும். இரண்டில் எது சக்கரத்தை ஓட்டுகிறது என்பதை ஒரு கம்பி மாற்றிக் கொடுக்கும். உலகெங்கும் பரவிய இதன் பிற்கால வகையில் மேல் கியர் மூன்றில் ஒரு பங்கு கூட்டும், கீழ்க் கியர் நான்கில் ஒரு பங்கு குறைக்கும். நம் 68 அங்குலம் 91 ஆகவோ 51 ஆகவோ மாறும். பல பல்சக்கரங்களுக்கு இடையே செயினைத் தாவ வைக்கும் இன்றைய கியர் பிரான்சில் வளர்ந்தது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே அதை 1937-இல்தான் அனுமதித்தார்கள்.

நம் பக்கம் இப்படி மாற்றும் கியர் நெடுங்காலம் பரவவில்லை. 1949-இல் சென்னை அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் செய்த சாதாரண ஹெர்குலிஸும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் விலையில்லா மிதிவண்டியும் ஒற்றைக் கியர் வண்டிகள்தான். டெல்டாவுக்கு அது பெரும்பாலும் சரியான முடிவு என்பதே என் எண்ணம். மலை இல்லாத இடத்தில் இருபது கியர் வேண்டியதில்லை. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் கம்பிகளும் கூடுதல் செலவும்தான் மிஞ்சும். ஆனால் அந்த ஒற்றைக் கியர் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும், கடையில் கிடைத்தது எதுவோ அது என்று விட்டுவிடக் கூடாது.

ஆகவே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, முன்னும் பின்னும் பல்லை எண்ணிப் பாருங்கள். முன்னால் உள்ளதைப் பின்னால் உள்ளதால் வகுத்து, சக்கரத்தின் அங்குலத்தால் பெருக்குங்கள். தினமும் மூட்டை ஏற்றுகிறவர், முட்டி வலிக்கிறவர், மாலைக் காற்றை எதிர்த்து வீடு திரும்புகிறவர் என்றால் ஃப்ரீவீலில் 20 பல் போடச் சொல்லுங்கள். 68 அங்குலம் 62-க்கு இறங்கும், மிதி லேசாகும். இளங்கால், வெறும் கேரியர் என்றால் 16 போட்டுப் பாருங்கள். இரண்டு பல் என்பது சின்ன மாற்றமாகத் தெரியும். முதல் நாளே கால் சொல்லிவிடும். மாற்றும்போது செயினையும் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்து நீண்ட பழைய செயினைப் புது ஃப்ரீவீலில் மாட்டினால் புதுப் பல்லும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.