விடுமுறை வீட்டு வாடகை... ஊருக்குள் எவ்வளவு நிற்கிறது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் போதும், தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி சாலையில் கார்கள் ஊர்ந்துதான் போகும். பாதிப் பேர் சொந்த ஊருக்குக் கிளம்பியவர்கள் என்றால், மீதிப் பேரில் பலர் படப்பை, கேளம்பாக்கம், ஈ.சி.ஆர் பக்கம் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்த 'ஃபார்ம் ஹவுஸ்'களுக்குப் போகிறவர்கள்.

தென்னை மரம், புல்தரை, நீச்சல் குளம், பார்பிக்யூ அடுப்பு... போட்டோவைப் பார்த்தாலே குழந்தைகள் துள்ளிக் குதிப்பார்கள். ஆனால், அந்த வாடகை எங்கே போகிறது? வீட்டு ஓனர் பெரும்பாலும் சிட்டியில் இருக்கிறார். மளிகையும் கோழியும் கார் டிக்கியிலேயே வந்துவிடுகின்றன. தண்ணீர் டேங்கரில் வருகிறது. கடைசியில் ஊருக்கு மிஞ்சுவது ஒரு வாட்ச்மேன் சம்பளம், ராத்திரி முழுக்க பாட்டுச் சத்தம், திங்கட்கிழமை காலை ஒரு மூட்டைக் குப்பை.

சோலார் பேனல் மாட்டி, மூங்கில் ஸ்ட்ரா வைத்துவிட்டால் ஒரு விடுமுறை வீடு 'பசுமை' ஆகிவிடாது. விருந்தாளி கொடுக்கும் நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் அந்த ஊர்க் கடைக்கும், வயலுக்கும், ஆட்டோவுக்கும் போகிறது என்பதுதான் உண்மையான கணக்கு. இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

வாடகை கொடுக்கும் பறவைகள்

செங்கல்பட்டு வட்டாரத்தை 'ஏரி மாவட்டம்' என்பார்கள். அந்த ஏரிகளில் ஒன்றுதான் வேடந்தாங்கல். வேடர்கள் தங்கும் இடம் என்று பெயர் வாங்கிய ஊர், பறவைகளின் பாதுகாப்பிடமாக மாறியதுதான் இதில் சுவாரஸ்யம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே, பறவைகளைச் சுடக் கூடாது என்று கலெக்டர் லயோனல் பிளேஸிடம் இந்த ஊர் மக்கள் பாதுகாப்பு வாங்கியிருக்கிறார்கள்.

இதில் பாசம் மட்டுமல்ல, விவசாயக் கணக்கும் இருக்கிறது. ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் கலக்கிறது. உரச்சத்து ஏறிய அந்தத் தண்ணீர்தான் வயலுக்குப் பாய்கிறது. மாதக்கணக்கில் தங்கும் விருந்தாளி, போகும்போது உரத்தை வாடகையாக வைத்துவிட்டுப் போகிறது! பதிலுக்கு ஊர் மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். விருந்தாளியால் ஊருக்கு லாபம் இருந்தால், ஊரே விருந்தாளிக்குக் காவல் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கோவளத்தில் அலையும் ஒரு வேலைதான்

பறவைகள் சரி, மனிதர்கள்? வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வழியாகப் போனால் ஈ.சி.ஆரில் கோவளம் வரும். அந்த மீனவ கிராமத்தில் பிறந்த மூர்த்தி மேகவன், கடலில் அலைச்சறுக்கு பழகி, ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். தொழிலதிபர் அருண் வாசுவும் கைகோக்க, 2012-ல் 'கோவ்லாங் பாயின்ட்' அலைச்சறுக்குப் பள்ளி உருவானது. அடுத்த ஆண்டிலிருந்து போட்டித் திருவிழாவும் நடந்தது. பிறகு 'சர்ஃப் டர்ஃப்' என்ற தங்கும் இடமும் கஃபேயும் வந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடலை ரசிக்க வருகிறவர்களுக்கு, அந்தக் கடலை நன்கு அறிந்த மீனவ இளைஞர்களே பயிற்சியாளர்களாக இருக்கிறார்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த நாள் இறங்கக் கூடாது என்ற அறிவு அவர்களுக்குத் தலைமுறைச் சொத்து. அந்தச் சொத்துக்குத்தான் விருந்தாளி காசு கொடுக்கிறார். 2021-ல் கோவளம் கடற்கரைக்கு 'நீலக் கொடி' சான்றிதழும் கிடைத்தது. சுத்தமான கடற்கரை என்பது அந்த ஊருக்கு அழகு மட்டுமல்ல, வருமானமும்கூட.

குமரகம் காட்டிய வழி

வேம்பநாட்டுக் காயல் ஓரத்தில் இருக்கும் கேரளாவின் குமரகத்தில் பெரிய ரிசார்ட்டுகள் வந்தபோது, ஊர் மக்களுக்குக் கோபம்தான் வந்தது. நிலமும் கரையும் கைவிட்டுப் போகின்றன, நமக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார்கள். 2008 வாக்கில் கேரள அரசு 'பொறுப்புச் சுற்றுலா' திட்டத்தை அங்கே கொண்டுவந்தது. பஞ்சாயத்து, ஹோட்டல்கள், குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். குழுக்கள் விளைவிக்கும் காய்கறியை ஹோட்டல்கள் வாங்க வேண்டும். விலையையும் தரத்தையும் பார்க்கக் கமிட்டி. இதுதான் ஏற்பாடு.

சொல்ல எளிதாக இருந்தாலும் நடத்துவது சுலபமில்லை. ஹோட்டலுக்குத் தினமும் ஒரே அளவு, ஒரே தரம் வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் நிறைய காய்க்கும், ஒரு நாள் காய்க்காது. பல வீட்டுக் காய்களை ஓரிடத்தில் சேர்த்துக் கொடுத்ததால்தான் இந்தச் சிக்கல் சமாளிக்கப்பட்டது. ஐ.நா. உலக சுற்றுலா அமைப்பின் யுலிசஸ் விருது வரை இந்த முயற்சி பேசப்பட்டது.

வீடு நடத்த நினைக்கிறீர்களா?

செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் பூர்வீக வீடோ நிலமோ வைத்திருப்பவர்கள் பலருக்கு இந்த ஆசை உண்டு. அவர்கள் முதலில் யோசிக்க வேண்டியவை இவை.

தண்ணீர்: 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒரு நீச்சல் குளம் கட்டினால் 48,000 லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் டேங்கரில் 4 லோடு. கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அப்படிப் பார்த்தால், ஒரு குளம் சுமார் 870 பேரின் ஒரு நாள் தண்ணீர்! குளத்துக்குப் பதில் கிணற்றடியில் ஒரு தொட்டி, பம்ப்செட் குளியல் போதும். அந்தத் தண்ணீர் அப்படியே வாழைக்கும் தென்னைக்கும் பாயும்.

சாப்பாடு: முழு சமையலறையும் ஆள் அம்பும் வேண்டாம். காலை இட்லி தெருமுனைக் கடையிலிருந்து, பால் பக்கத்து வீட்டு மாட்டிலிருந்து, கீரையும் முட்டையும் ஊருக்குள்ளிருந்து வரட்டும். கோடையில் நுங்கு வெட்டித் தருகிறவரிடம் குழந்தைகளை அழைத்துப் போனாலே போதும், பீட்சாவை மறந்துவிடுவார்கள். ஆனால், முதல் நாளே எண்ணிக்கை சொல்லிவிட வேண்டும். அன்றைக்கே காசும் கொடுத்துவிட வேண்டும். சின்னக் கடைக்கு மாதக் கடைசி வரை காத்திருக்கும் வசதி கிடையாது.

கட்டடம்: புதிதாகக் கட்டுவதைவிட பழைய ஓட்டு வீட்டைச் சரிசெய்வது மேல். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1996-ல் திறக்கப்பட்ட இந்தக் கலைக் கிராமத்தில், தென்மாநிலங்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த பழைய வீடுகள் மறுபடி நிறுத்தப்பட்டிருக்கின்றன. திண்ணை, முற்றம், ஓடு... ஏ.சி இல்லாத காலத்து வெயிலை எப்படிச் சமாளித்தார்கள் என்பது அங்கே புரியும். பழுது பார்க்கும் வேலையும் உள்ளூர் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் போகும்.

அளவு: மத்திய அரசின் 'இன்கிரெடிபிள் இந்தியா' ஹோம்ஸ்டே பதிவுக்கு அதிகபட்சம் 6 அறைகள், 12 படுக்கைகள்தான். ஓனர் குடும்பம் அதே இடத்தில் வசிக்க வேண்டும். இத்தாலியில் 1985-லேயே பண்ணை விடுதிகளுக்குத் தனிச் சட்டம் வந்தது. அங்கே விவசாயம்தான் முதல் தொழில், விருந்தாளி வருமானம் அதற்குத் துணை. நமக்கும் அதுவே பாதுகாப்பு. பெருமழைக் காலத்திலும் வார நாட்களிலும் அறைகள் காலியாகத்தான் கிடக்கும். விடுதியை மட்டும் நம்பிக் கடன் வாங்கியவர், அந்த நெருக்கடியில் நிலத்தையே விற்க நேரலாம். நெல்லும் மாடும் இருப்பவருக்கு அந்தப் பயம் குறைவு.

புக் செய்யும் முன் நான்கு கேள்விகள்

ஊரை மாற்றும் சக்தி ஓனரிடம் மட்டும் இல்லை, புக் செய்கிறவரிடமும் இருக்கிறது. போனில் இதையெல்லாம் கேட்கலாம்.

* சாப்பாடு எங்கே சமைக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள்?
* தண்ணீர் கிணற்றிலிருந்தா, டேங்கரிலிருந்தா?
* குப்பையை என்ன செய்கிறீர்கள்?
* பக்கத்து ரயில், பஸ் நிலையத்திலிருந்து அழைத்துவர ஊர் ஆட்டோ கிடைக்குமா?

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை மின்சார ரயில் ஓடுகிறது. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பேருந்து முனையமும் வந்துவிட்டது. காரை வீட்டில் விட்டுவிட்டு வந்தால், ஆட்டோக்காரருக்கு ஒரு சவாரி. டிக்கி இல்லாததால் மளிகைக் கடைக்கு ஒரு வியாபாரம். பதில் சொல்லத் தயங்கும் வீட்டைவிட, 'வாங்க, நம்ம ஊர்லயே எல்லாம் கிடைக்கும்' என்று சொல்லும் வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்புங்கள்!