பச்சை மண்ணை அறுக்க வேண்டுமா?

இன்குபேட்டரில் ஐந்து நாள் போராடிய குழந்தை இறந்துவிட்டது. அம்மா இன்னும் வார்டில் படுத்திருக்கிறாள். அப்பாவிடம் ஒரு தாளை நீட்டி, ‘பிரேத பரிசோதனைக்குச் சம்மதமா?’ என்று கேட்கிறார் டாக்டர். ‘பச்சை மண்ணு... அதைப் போய் அறுக்கறதா?’ என்று பாட்டி அலறுகிறாள். பல வீடுகளில் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

கொஞ்சம் பொறுங்கள். இது போலீஸ் கேஸில் செய்கிற போஸ்ட்மார்ட்டம் அல்ல. நோயின் காரணத்தைத் தேடுவது. உங்கள் கையெழுத்து இல்லாமல் செய்யக் கூடாது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் விவரம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சித்த வைத்தியன் இதைச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். குழந்தையைப் பறிகொடுத்தவர்கள், ‘அடுத்ததாவது தங்கணும், மருந்து கொடுங்க சார்’ என்று என்னிடம்தான் வருகிறார்கள். ‘முதல் குழந்தைக்கு என்னம்மா ஆச்சு?’ ‘மூச்சுத் திணறல்னாங்க.’ கூட வந்த மாமியார், ‘கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தா, சொன்னா கேட்டாளா?’ என்பார். அந்தப் பெண் தலை குனிந்துகொள்வாள்.

மூச்சுத் திணறல் என்பது குறிதான், நோயல்ல. நுரையீரல் முதிராவிட்டாலும் திணறும். இதயத்தில் பிறவிக் கோளாறு இருந்தாலும், ரத்தத்தில் கிருமி கலந்தாலும் திணறும். கிருமி என்றால் அடுத்த பிரசவத்தில் பெரும்பாலும் முன்கூட்டியே காக்கலாம். தாய், தகப்பன் இருவரிடமும் மறைந்திருந்த மரபணுக் குறை என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒன்று என்ற கணக்கில் திரும்ப வரலாம். மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொள்ளும் நம்மவர்கள் இதை லேசாக விட முடியாது. எந்தக் கஷாயமும் இதை மாற்றாது. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை!

குறைமாதக் குழந்தையின் நுரையீரலுக்குள் இன்று ‘சர்ஃபாக்டன்ட்’ மருந்து விடுகிறார்களே, அது எப்படி வந்தது தெரியுமா? 1959-ல் அமெரிக்காவில் மேரி எலன் ஏவரி, ஜெரி மீட் என்ற இருவர், இறந்த சிசுக்களின் நுரையீரலைச் சோதித்தார்கள். காற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்ளாமல் காக்கும் பொருள் அதில் குறைவு என்று கண்டார்கள். 1963-ல் ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக் இதே நோயால் இரண்டே நாளில் இறந்தான். ஜனாதிபதி வீட்டுப் பிள்ளைக்கும் அன்று மருந்தில்லை. 1980-ல்தான் ஜப்பானில் ஃபுஜிவாரா குழுவினர் அந்தப் பொருளையே மருந்தாகக் கொடுத்துப் பலன் கண்டார்கள்.

முகத்தில் கத்தி படாது. மார்பு, வயிறு, தேவைப்பட்டால் தலையின் பின்பக்கம் கீறிப் பார்த்துத் தைத்துவிடுவார்கள். சட்டையும் குல்லாவும் போட்டால் தெரியாது. எந்த உறுப்பையாவது எடுத்து வைத்துக்கொள்வார்களா என்று கட்டாயம் கேளுங்கள். லிவர்பூலில் ஒரு மருத்துவமனை பெற்றோருக்குத் தெரியாமல் உறுப்புகளை எடுத்து வைத்திருந்தது 1999-ல் அம்பலமாகி, பிரிட்டனில் 2004-ல் சட்டமே போட வேண்டி வந்தது.

மனசு ஒப்பவில்லையா? எக்ஸ்ரே, மரபணுச் சோதனைக்குக் கொஞ்சம் ரத்தம், ஊசியால் எடுக்கும் துளி சதை என்று வேறு வழிகளும் உண்டு. (எல்லா ஊரிலும் கிடைக்காது.) முக்கியமாக, நஞ்சு! அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பிறந்த குழந்தையின் நிலை மோசம் என்றால், அன்றைக்கே நஞ்சைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சில சமயம் எல்லாம் பார்த்தும் காரணம் அகப்படாது. ரிப்போர்ட் வரச் சில வாரங்கள் ஆகும். விடாமல் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை நாள் தள்ளிப்போகும் முன்பே மரபணு ஆலோசகரிடம் காட்டுங்கள். மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள்.