முகமும் எண்ணும்

கூட்டத்தில் ஒருவரை இன்னாரென்று காட்டும் கணிப்பொறி நம்மைப்போல் முகத்தைக் காண்பதில்லை. 2015-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபேஸ்நெட், முகப்படத்தை 128 எண்களாக மாற்றிவிடும். ஒருவருடைய படங்களின் எண்கள் நெருங்கியும், பிறருடையவை விலகியும் நிற்கும்படி பல கோடிப் படங்களால் அதைப் பழக்கினர்.

ஆகவே பொறி சொல்வது “இவரே அவர்” என்பதன்று. “இவ்வளவு நெருக்கம்” என்பதே. எல்லையை வகுப்பவர் மனிதர். தளர்த்தினால் அயலார் சிக்குவர். இறுக்கினால் உரியவரே தப்புவர். (இரட்டையர் பாடு தனி!) டெட்ராய்ட் நகரில் 2020-இல் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் இத்தகைய பிழைப் பொருத்தத்தால் ஏறத்தாழ 30 மணி நேரம் காவலில் கிடந்தார்.

நம் நாட்டில்? 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஒப்புமையைப் பொருத்தமெனக் கொள்வதாக டில்லிக் காவல்துறை 2022-இல் தகவல் உரிமைச் சட்டப்படி விடையளித்தது. நூற்றுக்கு எண்பது பேர் சரியாகப் பிடிபடுவர் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். அது வெறும் நெருக்கத்தின் அளவு.