கேமராவுக்குக் காட்டும் விளக்கு

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனத்தில் நட்ட நெல், பச்சை கட்டி நிற்கிறது. 817 கி.மீ. உயரத்தில் போகும் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் லிஸ்-3 கேமராவுக்கு அது வயலாகத் தெரியாது. 23.5 மீட்டர் சதுரம் ஒவ்வொன்றுக்கும் நிறத்துக்கு ஓர் எண், அவ்வளவுதான். செழித்த பயிர் சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு, அகச்சிவப்பை அள்ளித் திருப்பி அனுப்பும். இரண்டு எண்களையும் ஒப்பிட்டுத்தான் பயிரின் நிலை சொல்கிறார்கள். சிவப்பு எண் சற்றுக் கூடிவிட்டால், நல்ல வயல் வாடிய வயலாகப் பதிவாகிவிடும்.

அதனால் ஏவுவதற்கு முன்பே, அளவு தெரிந்த ஒரு வெளிச்சத்தைக் கேமராவுக்குக் காட்டிவிடுகிறார்கள். இஸ்ரோவுக்கு இந்தக் கேமராக்களை உருவாக்குவது அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம். வெளிச்சம் வருவது ஓர் உள்ளீடற்ற கோளத்திலிருந்து. உள்ளே சுண்ணாம்பு அடித்த பெரிய பானை மாதிரி இருக்கும். பூச்சு மட்டும் பேரியம் சல்பேட் போன்ற பளீர் வெள்ளை. ஹாலஜன் விளக்குகளின் ஒளி சுவரில் மோதி மோதிக் கலந்துவிடுவதால், வாய்வழியே பார்த்தால் எந்த மூலையிலும் ஒரே பிரகாசம். லிஸ்-3-ல் ஒரு நிறத்துக்கு 6,000 உணரிகள் வரிசையாக உண்டு. ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. எல்லாவற்றுக்கும் ஒரே வெளிச்சத்தைக் காட்டி வேறுபாட்டைக் குறித்து வைக்காவிட்டால், படம் முழுக்கக் கோடுகோடாக விழும்.

என்னைக் கேட்டால், கேமராவைவிட விளக்குதான் வம்பு பிடித்தது. டங்ஸ்டன் இழையின் சூடு சுமார் 3,000 கெல்வின். சூரியனின் மேற்பரப்போ 5,800-ஐ ஒட்டி. எனவே ஹாலஜனில் நீலம் குறைவு, அகச்சிவப்பு ஏராளம். போதாததற்கு, எரிய எரிய இழை தேயும், பிரகாசம் நகரும். கோளத்தை அளக்க உதவும் 1,000 வாட் தர விளக்கை, அளக்கும்போது மட்டும் ஏற்றி, எரிந்த மணிக்கணக்கை ஏட்டில் எழுதுவார்கள். சுமார் 50 மணி நேரம் ஆனால் அதையே மறுபடி அளக்க வேண்டும்.

மேலே போன பிறகு கோளம் ஏது? கேமராவுக்குள்ளேயே சிறு எல்.இ.டி.கள் இருக்கின்றன. அவை எரியும் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டி, உணரிகள் அதற்கேற்ப எண் காட்டுகின்றனவா என்று பார்ப்பார்கள். ஆனால் அந்த ஒளி முன்லென்ஸ் வழியே வருவதில்லை. லென்ஸ் மங்கியிருந்தால் எல்.இ.டி.க்குத் தெரியாது. அதற்குத் தரையைத்தான் நம்ப வேண்டும். கட்ச் ரண் போன்ற வெட்டவெளியில், செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தில் கருவியோடு நின்று, மண் திருப்பி அனுப்பும் ஒளியை அளந்து ஒப்பிடுகிறார்கள். மதுரைச் சமவெளி இதற்கு ஆகாது. வயல், கண்மாய், கருவேலங்காடு, கல்குவாரி என்று அடிக்கொரு நிறம்.